அந்த ஒரு லட்சம் யார் பையிலிருந்து வந்தது?

வீரவநல்லூர் பக்கத்திலிருந்து:

போன வாரம் டீக்கடையில், போலீஸ் அடித்துத் தகப்பனும் மகனும் செத்துப்போன சாத்தான்குளம் பேச்சு வந்தது. "தகப்பனுக்கும் மகனுக்குமா ஆளுக்குப் பத்து லட்சம் அரசாங்கம் குடுத்துட்டுல்லா, அப்புறம் என்னவே?" என்றார் ஒரு அண்ணாச்சி. 2020 ஜூனில் இருபது லட்சம் அறிவித்தது உண்மைதான். ஆனால் "அரசாங்கம் குடுத்துட்டு" என்று யாராவது சொன்னால் எனக்கு உள்ளே ஒரு முள் குத்தும். எங்கள் வீட்டுக்கும் அப்படி ஒரு லட்சம் வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று தேடி அலைந்த கதையை எழுதுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள். ஸ்டேஷன் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம்.

சித்தப்பா மகன் ஒருவன், எனக்குத் தம்பி முறை. குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். 2015இல் ஒரு பைக் திருட்டுக்காகப் போலீஸ் அவனைத் தூக்கிப் போனார்கள். அவன் வண்டி அந்தத் தெருவில் நின்றதாம், அதுதான் சாட்சி. இரண்டு ராத்திரி உள்ளே வைத்திருந்தார்கள். லாடம் கட்டினார்கள். உள்ளங்காலில் அடித்தால் பார்க்கிறவனுக்குத் தழும்பு தெரியாது, அதற்காகத்தான் அங்கே அடிப்பது. ஆனால் அவன் கையைக் கொடுத்துத் தடுத்திருக்கிறான், இடது மணிக்கட்டு எலும்பு விட்டுப்போனது. மூன்றாம் நாள் அந்த பைக் வேறு எங்கோ கிடைத்துவிட்டது. சரி, போ என்று விட்டார்கள்.

விடுவதற்கு முன்னால் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே பயிற்சி டாக்டர், சின்னப் பிள்ளை, "எப்படி ஆச்சு?" என்று கேட்டது. கூட நின்ற காவலர் முந்திக்கொண்டு, "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டான்மா" என்றார். சித்தி அதற்குள் வந்து சேர்ந்திருந்தாள். "எம் மவன் எங்கயும் வழுக்கலை தாயி, இவுகதான் அடிச்சாக" என்று சத்தம் போட்டாள். அந்தப் பிள்ளை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, 'காவலர்கள் தாக்கியதாகச் சொல்கிறார்' என்று ஏ.ஆர். நோட்டில், அதாவது காயத்தைப் பதிகிற விபத்துப் பதிவேட்டில் எழுதியது. பின்னால் எங்களுக்கு எல்லாம் நடந்தது அந்த ஒரு வரியால்தான். அந்தப் பிள்ளை இப்போது எங்கே இருக்கிறதோ, நன்றாக இருக்க வேண்டும்.

மாவுக்கட்டு என்றால் நம் ஆட்கள் சிரிப்பார்கள், மீம் போடுவார்கள். எங்கள் வீட்டில் நாலு மாதம் குட்டியானை நின்றது. பைனான்ஸ்காரன் வந்து சாவியை வாங்கிப் போய்விட்டான்.

மாநில மனித உரிமை ஆணையத்துக்கு எழுதிப் போட்டோம். வெள்ளைத் தாளில் எழுதினால் போதும், கட்டணம் கிடையாது. சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் எழுதிவிட வேண்டும், அவ்வளவுதான். அப்புறம் நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறி, ஆணையம் இருக்கிற சென்னை கிரீன்வேஸ் சாலைக்கு எத்தனை தடவை போனோம் என்று சித்தியிடம் கேட்டால் சொல்வாள். 2019இல் உத்தரவு வந்தது. ஒரு லட்சம் இழப்பீடு. அரசு முதலில் கொடுத்துவிட்டு, எஸ்.ஐ.யிடம் அறுபதாயிரமும் ஏட்டிடம் நாற்பதாயிரமும் பிடித்துக்கொள்ள வேண்டும். அதைப் படித்துவிட்டு அன்றைக்கு எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தேன். முட்டாள்தனம். ஆணையம் சொல்வது வெறும் பரிந்துரைதான் என்று சொல்லி இரண்டு வருஷம் இழுத்தார்கள். 2021 பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, அந்தப் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் பணம் கணக்கில் வந்து விழுந்தது.

சரி, அடித்தவர்களிடம் பிடித்தார்களா? பத்து ரூபாய் கோர்ட்டுக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். 'மூன்றாம் நபரின் தனிப்பட்ட தகவல், தர இயலாது' என்று பதில் வந்தது. எங்கள் பையனின் கையை முறித்தது எப்படித் தனிப்பட்ட விஷயம் ஆகும் என்று எனக்குப் புரியவில்லை. மேல்முறையீடு போட்ட பிறகு இரண்டு வரி வந்தது. ஏட்டின் சம்பளத்தில் மாதம் 2,000 வீதம் பிடிக்கப்படுகிறது. எஸ்.ஐ. நீதிமன்றத்தில் தடை வாங்கியிருக்கிறார். அவர் இப்போது இன்ஸ்பெக்டர்.


முக்கூடலிலிருந்து:

உங்களுக்காவது தாளில் எழுதி வந்தது. எங்களுக்கு மஞ்சப்பையில் வந்தது.

நான் பீடி சுற்றுகிறவள். என் வீட்டுக்காரர் வாழைக்காய் ஏற்றுகிற லோடுமேன். ஒருநாள் ராத்திரி வேலை முடிந்து வருகிறவரைப் போலீஸ் ரோட்டில் நிறுத்தி, எதிர்த்துப் பேசினார் என்று அடித்ததில் காது சவ்வு கிழிந்துபோனது. நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய் உட்கார்ந்ததும் மறுநாளே கட்சிக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். எங்கள் சொந்தம்தான், மாமா முறை வேண்டும். "கேசு கீசுன்னு அலைஞ்சா பத்து வருசம் ஆவும் தாயி. உம் பிள்ளைகளைப் பாரு" என்றார். பையில் நாற்பதாயிரம் இருந்தது.

ராத்திரி எண்ணிப் பார்த்தேன். ஐந்நூறு ரூபாய் நோட்டு கொஞ்சம்தான். மீதியெல்லாம் நூறும் ஐம்பதும். இருபது ரூபாய்க் கட்டு ஒன்று, அதற்குள் பத்து ரூபாய் நோட்டுகளும் செருகியிருந்தன, எண்ணெய்ப் பிசுக்கோடு. என் வீட்டுக்காரருக்கு அந்தப் பக்கக் காது கேட்காது, மறுபக்கம் போய் நின்று சொன்னேன்: "ஏங்க, ஸ்டேசன்ல சம்பளம் பத்து ரூவா நோட்டாவா குடுக்காவ?"

அதற்குப் பதில் இரண்டு மாதம் கழித்து எங்கள் தெருப் பலசரக்குக் கடையில் கிடைத்தது. கடைக்கார அண்ணாச்சி எதையோ பேசிக்கொண்டிருந்தவர், வாய் தவறி, "ஒன் வீட்டு விசயத்துக்குக்கூட எங்கிட்ட ரெண்டாயிரம் வாங்கிட்டுப் போனாவம்மா" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். மணல் வண்டிக்காரர், பரோட்டாக் கடை, பார் எடுத்தவர், பழைய இரும்புக் கடை என்று எல்லோரிடமும் ஸ்டேஷன்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். கொடுக்காமல் இருக்க முடியுமா? அவர் அந்த இரண்டாயிரத்தை எதில் எடுத்திருப்பார்? நான் வாங்குகிற பருப்பிலும் எண்ணெயிலும்தான். என் புருஷனை அடித்ததற்கு நானும் பங்கு போட்டிருக்கிறேன்.

பணத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பெரியவளுக்குக் காலேஜ் பீஸ் கட்டினேன். அதைப் பற்றி யாரும் எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம்.


எஸ்.பி. ஆபீஸில் அமைச்சுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்:

அந்த ஏட்டுக்காக ஒரு வார்த்தை சொல்கிறேன், அடிக்க வராதீர்கள். அவர் அடிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இருபது வருஷத்துக்கு மேல் அந்தக் கோப்புகளைப் பார்த்தவன் நான். 'ரெண்டு நாள்ல பிராப்பர்ட்டி (திருட்டுப் பொருள்) வந்தாகணும்' என்று வயர்லெஸ்ஸில் கத்துகிறவர் பெயர் எந்தக் கோப்பிலும் வராது. ஸ்டேஷனில் அன்றாடம் எழுதுகிற ஜெனரல் டைரியில் யார் கையெழுத்து இருக்கிறதோ அவனுக்குத்தான் குறிப்பாணை வரும். 3 பி சார்ஜ் என்கிற துறை விசாரணை, இன்கிரிமென்ட் நிறுத்தம், சம்பளப் பிடித்தம் எல்லாம் கீழே இருந்துதான் ஆரம்பிக்கும். மேலே இருக்கிறவருக்கு வக்கீல் வைக்கத் தெம்பு இருக்கிறது, தடை வாங்கிவிடுவார். தடை கிடக்கும்போதே ரிட்டயர் ஆகிவிடுவார்.

இன்னொன்று. பிடித்தம் ஆகிற அந்த இரண்டாயிரத்தைக்கூட முழுசாக அவர் கட்டுவதில்லை. பேட்ச் ஆட்கள் சேர்ந்து ஆளுக்கு ஐந்நூறு போட்டுக் கொடுப்பதை நானே பார்த்திருக்கிறேன். கல்யாணத்துக்கு மொய் எழுதுவது போல. தப்புச் செய்தவன் என்று அவர்கள் நினைப்பதில்லை, மாட்டிக்கொண்டவன் என்றுதான் நினைக்கிறார்கள்.

உங்களுக்கு வந்த லட்சம் காவல் துறை மானியத்தில், சட்டசபை ஒதுக்குகிற பணத்தில் எழுதப்படும். சட்டசபைக்கு எங்கிருந்து வருகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.


பாளையங்கோட்டை வக்கீல் ஒருவர்:

ஒரு காலத்தில் இந்த வரிப்பணம்கூட வராது. மீரட்டில் ஒரு நகை வியாபாரியின் தங்கத்தை 1947இல் போலீஸ் பிடித்து வைத்தது. ஸ்டேஷன் காவலில் இருந்த தங்கத்தை எடுத்துக்கொண்டு ஏட்டு ஒருவர் பாகிஸ்தானுக்கே போய்விட்டார். வியாபாரி அரசாங்கத்திடம் கேட்டார். அது அரசின் இறையாண்மைப் பணி, அதாவது அரசாங்கம் என்ற முறையில் செய்கிற வேலை, அதனால் ஒன்றும் தர வேண்டாம் என்று 1964இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கஸ்தூரிலால் வழக்கு. நாங்கள் படிக்கும்போது இதைக் கேட்டு வகுப்பே சிரித்தது.

அது மாறியது 1983இல் ரூதல் ஷா வழக்கிலிருந்து. விடுதலையான பிறகும் 14 வருஷம் பீகார் சிறையில் கிடந்தவருக்கு 35,000 ரூபாய். 1989இல், டெல்லியில் போலீஸ் அடித்து இறந்த 9 வயதுப் பையனின் தாய்க்கு 75,000. அதை அந்த அதிகாரிகளிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்றும் நீதிமன்றம் சொன்னது. 'வசூலித்துக்கொள்ளலாம்', கவனியுங்கள். 'லாம்' என்ற அந்த இரண்டு எழுத்திலேயே முக்கால்வாசி வழக்குகள் செத்துப்போகின்றன. 1993இல், போலீஸ் காவலில் மகனை இழந்த நீலபதி பெஹராவின் வழக்கில் ஒன்றரை லட்சம், அதோடு இறையாண்மை என்ற சாக்கு இதில் செல்லாது என்பதும் உறுதியானது.

நான் பார்த்ததில் நெஞ்சுக்கு நிறைவாக இருந்தது தர்மபுரி மாவட்டத்து மலைக்கிராமமான வாச்சாத்தியின் தீர்ப்புதான். 1992இல் நடந்த கொடுமைக்கு 2023 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், பாலியல் வன்கொடுமைக்கு ஆளான 18 பெண்களுக்கும் தலா பத்து லட்சம் கொடுக்கச் சொன்னது. அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்க வேண்டும். 'லாம்' இல்லை, 'வேண்டும்'. ஆனால் அதற்கு 31 வருஷம் ஆனது.


அமெரிக்காவில், மினியாபொலிஸில் இருக்கும் திசையன்விளைக்காரர்:

இங்கேயும் அதே கதைதான், தொகைதான் பெரிசு. ஜார்ஜ் பிளாய்ட் குடும்பத்துக்கு 2021 மார்ச்சில் 2 கோடியே 70 லட்சம் டாலர் கொடுக்க எங்கள் நகரசபை ஒத்துக்கொண்டது. கழுத்தில் முட்டியை வைத்து அவரைக் கொன்ற போலீஸ்காரர் சிறைக்குப் போனார், பணம் நகரத்தின் கஜானாவிலிருந்து போனது. நான் கட்டுகிற வீட்டு வரியும் அதில் உண்டு. ஒரு சட்டப் பேராசிரியர் நாடு முழுவதும் கணக்கெடுத்து 2014இல் எழுதினார்: இப்படிக் கொடுக்கப்பட்ட மொத்தப் பணத்தில் போலீஸ்காரர்கள் தங்கள் கையிலிருந்து போட்டது 0.02 சதவீதம். ஆயிரம் ரூபாய்க்கு இருபது பைசா. அந்த ஏட்டு மாதம் இரண்டாயிரம் கட்டுகிறார் என்று படித்ததும் எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது.


வண்ணாரப்பேட்டையிலிருந்து:

நான் 1999 ஜூலை 23 அன்று கொக்கிரகுளத்தில் இருந்தேன். மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டர் ஆபீஸுக்கு ஊர்வலம் வந்தது. போலீஸ் தடியடி. ஜனம் தாமிரபரணி ஆற்றுக்குள் ஓடியது. 17 பேர் செத்துப்போனார்கள், கைக்குழந்தை உட்பட. நான் கரையில் செருப்புகளைப் பார்த்தேன். ஜோடி சேராத செருப்புகள், ஒரு சின்னக் கொலுசு, டிபன் பாக்ஸ் மூடி. அன்றைக்கு வீட்டுக்கு வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டேன், அம்மா ஆற்றுத் தண்ணீரைத்தான் தந்தாள், எங்களுக்கு எப்போதும் அந்தத் தண்ணீர்தான். குடிக்க முடியவில்லை.

விசாரணை ஆணையம் வந்தது, அறிக்கை வந்தது. வருஷா வருஷம் அந்தத் தேதியில் ஆற்றில் பூப் போட வருகிறார்கள். பூப் போடுகிறவர்களைச் சுற்றி போலீஸ் நிற்கும். அந்தப் பந்தோபஸ்துச் செலவையும் கணக்கில் சேருங்கள் அண்ணாச்சி.


மறுபடியும் வீரவநல்லூர் பக்கத்திலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. முக்கூடல் அக்கா, உங்களுக்குப் புத்தி சொல்ல இங்கே யாருக்கும் தகுதி இல்லை.

உள்பெட்டியில் மூன்று பேர் என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்கும்போது நீங்களே வாயைத் திறந்து சொல்லுங்கள், கூட நிற்கிறவரைச் சொல்ல விடாதீர்கள். ஏ.ஆர். காப்பி வாங்குங்கள். ஒரு வருஷம் தாண்ட விடாதீர்கள். ஆணையம் முகாம் போட்டு நம் பக்கமே விசாரிக்க வருவதும் உண்டு, அதையும் கேட்டு வையுங்கள்.

செலவுக் கணக்கை எழுதி வையுங்கள். சித்தி எழுதினாள், நாற்பது பக்க நோட்டில், பென்சிலில். நேற்று அதை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். ஆட்டோ, ஸ்கேன், நெல்லை எக்ஸ்பிரஸ் ஏழு தடவை, எழும்பூரில் குளிக்க இரண்டு பேருக்கு நாற்பது ரூபாய், வக்கீல் குமாஸ்தாவுக்கு, ஜெராக்ஸ், ஜெராக்ஸ், ஜெராக்ஸ். தம்பி நாலு மாதம் ஓட்டாத வண்டி அதில் இல்லை, போன வண்டியும் இல்லை. அதெல்லாம் சேர்க்காமலே 1,37,240 வந்தது. இழப்பீடு வந்த அன்று சித்தி அடியில் கோடு போட்டு ஒரு லட்சத்தைக் கழித்திருக்கிறாள். மீதி 37,240 என்று எழுதி, பக்கத்தில் 'யார்?' என்று கேட்டிருக்கிறாள்.

அதற்குக் கீழே என் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது. வில்லை, 10.