பகலில் தனியாக இருக்கும்போது குரைக்கிறான், சொசைட்டியில் கடிதம் கொடுத்துவிட்டார்கள்

வித்யா, செம்பூர்

வணக்கம். மும்பை செம்பூரில் பழைய ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றில், இரண்டாவது மாடியில் இருக்கிறோம். எங்கள் மணி நாட்டு நாய். இந்த மழையோடு மூன்று வயது ஆகிறது. திலக் நகர் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு வடாபாவ் வண்டிக்கு அடியில் நனைந்து நடுங்கிக்கொண்டு கிடந்தவனை என் கணவர்தான் ஆபீஸ் பைக்குள் வைத்துத் தூக்கிவந்தார். கருத்தடை செய்தாயிற்று, வருடா வருடம் வெறிநோய் ஊசி போடுகிறோம், மாநகராட்சி லைசென்ஸும் இருக்கிறது.

இத்தனை நாள் யாரும் ஒரு குறை சொன்னதில்லை. ஜூன் தொடங்கியதிலிருந்து, நாங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் குரைக்கிறான். நான் 9 மணிக்குக் கிளம்பினால் திரும்பி வர 6 ஆகிவிடும். அவர் வர 8. கதவின் கீழ்ப்பக்கம் பெயிண்ட் உரிந்து, நகம் இழுத்த கோடுகள் நாலைந்து தெரிகின்றன. சாயங்காலம் நான் வரும்போது தண்ணீர்க் கிண்ணம் காலையில் வைத்தது வைத்தபடி நிறைந்திருக்கிறது. அதைப் பார்த்தால்தான் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

கீழ் வீட்டில் வயதான மராத்தி தம்பதி இருக்கிறார்கள். அந்த அம்மாவை எல்லோரும் காக்கூ என்று கூப்பிடுவோம். அவர் கணவருக்கு ஏப்ரலில் பைபாஸ் ஆபரேஷன் ஆனது. பகலில்தான் கொஞ்சம் தூங்குகிறார். மணிக்குத் தினமும் மாரி பிஸ்கட் கொடுத்தவர் காக்கூ. அவரே மேலே வந்து, "கோபித்துக்கொள்ளாதே, எங்களால் முடியவில்லை" என்று சொன்னபோது எனக்குப் பேச்சே வரவில்லை. போன வாரம் சொசைட்டி (குடியிருப்போர் சங்கம்) கமிட்டி கடிதம் கொடுத்துவிட்டது. 15 நாளுக்குள் நாயை வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டுமாம். அதுவரை லிஃப்டில் ஏற்றவும் கூடாதாம்.

மே மாதம் வரை அத்தை எங்களோடு இருந்தார். நாத்தனாருக்குக் குழந்தை பிறந்திருப்பதால் கோவை போயிருக்கிறார். தீபாவளிக்கு அப்புறம்தான் வருவார்.

என் அண்ணன், "தென்காசிக்கு அனுப்பிவிடு, தோட்டத்தில் கட்டிப்போட்டுக்கொள்ளலாம்" என்கிறார். அவனைக் கட்டிப்போட்டு நான் வளர்த்ததில்லை. ஒரு கடையில், குரைத்தால் லேசாக ஷாக் அடிக்கும் கழுத்துப் பட்டை இருக்கிறது, ஒரே வாரத்தில் அடங்கிவிடும் என்றார்கள். வாங்கலாமா? கமிட்டி இப்படிச் சொல்ல முடியுமா? எனக்கு மணியும் வேண்டும், கீழே அவரும் தூங்க வேண்டும். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


ராகவன், மாட்டுங்கா

வித்யாம்மா, அந்தப் பட்டையை மட்டும் வாங்காதீர்கள். பயத்தில் குரைக்கிற நாய்க்கு ஷாக் கொடுத்தால் பயம் இரட்டிப்பாகும். வாய் அடங்கினாலும், அப்புறம் கதவைக் கடிக்கும், தன் காலையே நக்கிப் புண்ணாக்கும்.

ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். மூன்று நாய்களை வளர்த்திருக்கிறேன். முதல் நாயிடம் நான் செய்த தவறைச் சொல்கிறேன். அது 90களில். நானும் மனைவியும் வேலைக்குப் போகும்போது, காற்றோட்டமாக இருக்கட்டும் என்று அவளை பால்கனியில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போவோம். அவள் நாள் பூராவும் புறாக்களைப் பார்த்துக் குரைத்திருக்கிறாள், மத்தியானத்தில் பாதி பால்கனியில் வெயில் வேறு. எங்களுக்கு ஒரு வருடம் தெரியாது. எதிர்க் கட்டடத்துப் பெண் ஒருவர் வந்து சொன்னபோதுதான் தெரிந்தது. அந்த ஒரு வருடம் இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. அதனால் உங்களிடம் முதலில் கேட்பது இதுதான்: மணி எப்போது குரைக்கிறான் என்று உங்களுக்குத் தெரியுமா? "பகலில்" என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை மணிக்கு?

வீட்டில் பழைய போன் ஒன்று இருக்குமே, அதை சார்ஜரில் போட்டு, அலமாரி மேல் வைத்து, காலையிலிருந்து சாயங்காலம் வரை பதிவு செய்யுங்கள். நீங்கள் கிளம்பிய முதல் அரை மணிக்குள் ஓலமிட்டு, கதவைப் பிராண்டி, எச்சில் ஒழுக அலைந்தால் அது பிரிவின் பயம். அதற்கு வைத்தியம் வேறு. சாவியை எடுப்பது, செருப்பு போடுவது, கதவைப் பூட்டுவது ஒவ்வொன்றையும் போகாமலேயே பத்துத் தடவை செய்து காட்ட வேண்டும். முதலில் ஒரு நிமிடம் வெளியே நின்று திரும்புங்கள். அப்புறம் மூன்று நிமிடம், அப்புறம் பத்து. அவன் பதறுவதற்கு முன்னாலேயே திரும்பிவிட வேண்டும். வாரக்கணக்கில் ஆகும். சும்மா படுத்திருந்து, ஏதோ சத்தம் கேட்டு எழுந்து குரைத்தால் அது காவல், அல்லது சலிப்பு. மனிதக் காது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், நாயின் காது 40,000க்கும் மேல் போகும். நமக்கு எட்டாத சத்தத்துக்கும் அது எழுந்து நிற்கும். அதற்கு ஜன்னலைச் சாத்துவதும், ஃபேனையோ ரேடியோவையோ ஓடவிடுவதுமே பாதி மருந்து.

கீழ் வீட்டு அம்மாவிடமும் ஒரு உதவி கேளுங்கள். குரைக்கும் நேரத்தை ஒரு தாளில் குறித்துவைக்கச் சொல்லுங்கள். நீங்கள் அக்கறையாக எடுத்துக்கொண்டீர்கள் என்பது அவருக்கும் தெரியும்.

இன்னொன்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மே மாதம் அத்தை போய்விட்டார். ஜூனில் மழை வந்தது. மணிக்கு ஒரே மாதத்தில் துணையும் போயிற்று, நடையும் போயிற்று. மழைக்கு முன்னால் காலையில் எவ்வளவு நேரம் நடந்தான், இப்போது எவ்வளவு நேரம்? மூத்திரம் போனதும் இழுத்துக்கொண்டு மேலே வந்துவிடுகிறீர்களா? மும்பையில் எல்லோரும் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை அதைத்தான் செய்கிறோம். நாய்க்கு நடை என்பது பாதி மூக்கு வேலை. 25 நிமிடம் அவன் இஷ்டத்துக்கு ஒவ்வொரு கம்பத்தையும் முகர விட்டால், சும்மா இழுத்துக்கொண்டு ஓடியதைவிட நன்றாகத் தூங்குவான். மழையில் மேம்பாலத்துக்கு அடியில், கட்டடத்தின் கீழ் பார்க்கிங்கில் கூட்டிப் போகலாம். அதுவும் முடியாத நாளில் காலைச் சாப்பாட்டைக் கிண்ணத்தில் வைக்காமல், பழைய துண்டில் சுருட்டி முடிச்சுப் போட்டு, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது தேடவிடுங்கள். கிளம்பும்போது கொடுக்க, நடுவில் ஓட்டை உள்ள கெட்டி ரப்பர் பொம்மைக்குள் வேகவைத்த பரங்கிக்காயும் சாதமும் மசித்து அடைத்து ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். வெங்காயம், பூண்டு கலந்த எதுவும் வேண்டாம், நாயின் ரத்தத்துக்கு ஆகாது.


கல்யாணி, முலுண்ட்

நான் எங்கள் சொசைட்டியில் ஆறு வருடம் செக்ரட்டரியாக இருந்தவள். இந்த மாதிரிக் கடிதத்தில் நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அப்புறம் சட்டத்தைப் படித்துவிட்டுத் திரும்பப் பெற்றும் இருக்கிறேன்.

நாயை அனுப்பு என்று கமிட்டி சொல்ல முடியாது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இது தெளிவாக இருக்கிறது. பெரும்பான்மை உறுப்பினர்கள் கை தூக்கினாலும் வளர்ப்பு நாய்க்குத் தடை போட முடியாது. குரைப்பதையும் அதற்குக் காரணமாகக் காட்ட முடியாது. லிஃப்டில் ஏற்றக் கூடாது என்பதும் செல்லாது. அதே வாரியம் நாய் வளர்ப்பவர்களுக்கும் சொல்லியிருக்கிறது: நாய் சத்தம் போடாமல் இருக்க முடிந்ததை எல்லாம் செய்யுங்கள், அது அசுத்தம் செய்தால் சுத்தம் செய்யுங்கள் என்று. ஒரு பக்கத்தை மட்டும் அச்செடுத்து செக்ரட்டரி மேசையில் வைத்தால் சண்டைதான் வரும்.

அதனால் பதிலை எழுத்தில் கொடுங்கள், ஒரு பக்கம் போதும். லைசென்ஸ் நகல், ஊசிச் சான்றிதழ் நகல், குரைப்பதைக் குறைக்க என்னென்ன செய்கிறீர்கள், எந்தத் தேதியிலிருந்து செய்கிறீர்கள், இவ்வளவும் இருக்கட்டும். கடைசிப் பத்தியில் வாரியத்தின் வழிகாட்டுதலைக் குறிப்பிடுங்கள். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்க மறக்காதீர்கள்.

தென்காசி யோசனைக்கு ஒரு வார்த்தை. 1960ஆம் வருடத்து விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில், எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாய்க்கு நடை கொடுக்காமல் இருப்பதே குற்றம்.


செல்வம், தாராவி

வித்யா அக்கா, நான் ஒரு நாய் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறேன். குரைப்பதைப் பற்றி ஐயா சொல்லிவிட்டார். தண்ணீர் குடிக்கவில்லை என்றீர்களே, அதற்காக எழுதுகிறேன்.

நீங்கள் வந்த பிறகு குடிக்கிறானா, சாப்பிடுகிறானா என்று பாருங்கள். அப்போது குடித்தால் பதற்றம்தான், தனியாக இருக்கும்போது பல நாய்கள் எதையும் தொடாது. அப்போதும் குடிக்கவில்லை, காய்ச்சல், வாந்தி, கண் மஞ்சளாக இருக்கிறது என்றால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள். மழைக்காலத்தில் மும்பையில் லெப்டோ, அதாவது எலிக்காய்ச்சல், அதிகம். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் நாய் நடந்தால் காலில் இருக்கும் சின்னக் கீறல் வழியாகவே ஏறிவிடும், சிறுநீரகத்தையும் ஈரலையும் பிடிக்கும். மனுஷருக்கும் தொற்றும். வெறிநோய் ஊசி மட்டும் போட்டால் இதற்குக் காப்பு இல்லை, லெப்டோவுக்குத் தனியாக இருக்கிறது, வருடம் ஒரு தடவை போட வேண்டும். கார்டைப் பாருங்கள். தேங்கிய தண்ணீரில் இறக்காதீர்கள், தூக்கிக்கொண்டு தாண்டிவிடுங்கள்.

வந்ததும் நாலு காலையும் கழுவி, விரல் இடுக்கு வரை துடைத்துவிடுங்கள். அங்கே ஈரம் நின்றால் சிவந்து அரிக்கும். அரிப்பு இருக்கிற நாயும் நிம்மதியாகப் படுக்காது. உண்ணி காது மடலுக்குள்ளும் விரல் இடுக்கிலும்தான் முதலில் ஒளியும், துடைக்கும்போதே விரலால் தடவிப் பாருங்கள். செலவு கஷ்டமாக இருந்தால் பரேலில் பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் ஆஸ்பத்திரி இருக்கிறது.


வித்யா, செம்பூர்

ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

காக்கூவிடம் போய் நேரம் குறிக்க முடியுமா என்று கேட்டேன். சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும் காலநிர்ணய் காலண்டரை எடுத்துவந்து காட்டினார். ஏற்கெனவே பென்சிலால் குறித்துவைத்திருந்தார், ஒவ்வொரு கட்டத்திலும் சின்னச் சின்னக் கோடு. பாதிக்கு மேல் ஒன்று, ஒன்றேகால் என்று இருந்தது. என்னிடம் சொன்னால் நான் வருத்தப்படுவேன் என்று காட்டாமல் இருந்தாராம்.

போனில் பதிவு செய்து பார்த்தோம். நான் கிளம்பியதும் ஆறேழு நிமிடம் முனகுகிறான். கதவை ஒரு தடவை பிராண்டுகிறான். அப்புறம் அத்தையின் சாய்வு நாற்காலிக்குக் கீழே போய்ப் படுத்துவிடுகிறான். லிஃப்டின் கிரில் கதவை யாராவது படாரென்று இழுத்தால் இரண்டு குரை, அவ்வளவுதான். 12:50க்கு எழுந்து சமையலறை வாசலில் போய் உட்காருகிறான். கொஞ்ச நேரம் உள்ளே பார்க்கிறான். நாற்காலியிடம் வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பவும் சமையலறை வாசல். அப்புறம் தலையைத் தூக்கி ஆரம்பிக்கிறான், ஒன்றரை வரை நிற்கவில்லை. அத்தை ஒரு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தால் முதல் உருண்டை தயிர் சாதம் அவனுக்குத்தான். மூன்று வருடமாக ஒரு நாள் தவறியதில்லை. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, நான் ஆபீஸில் இருந்திருக்கிறேன். என் கணவர் அந்த வீடியோவை முழுதாகப் பார்க்க முடியாமல் எழுந்து போய்விட்டார்.

அத்தையை ஸ்பீக்கரில் பேசவைத்துப் பார்த்தோம். அது தப்பாகப் போயிற்று. குரலைக் கேட்டு வீடு முழுக்கத் தேடினான், யாரும் செய்ய வேண்டாம்.

நான்காவது மாடியில் கல்லூரி படிக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். காலை வகுப்பு முடிந்து 12:30க்கு வந்துவிடுவாள். இப்போது 12:45க்கு வந்து, அவனைக் கீழ் பார்க்கிங்கில் கால் மணி நேரம் நடத்தி, சரியாக ஒரு மணிக்கு அந்த நாற்காலி பக்கத்தில் உட்கார்ந்து தயிர் சாதம் கொடுத்துவிட்டுப் போகிறாள். மாதம் 2,500 ரூபாய் பேசியிருக்கிறோம். காலையில் நான் ஐந்தரைக்கே எழுந்து 30 நிமிடம் கூட்டிப் போகிறேன், மழைக்கோட்டு எனக்கு மட்டும்தான், அவன் போட்டுக்கொள்ளவே மாட்டேன் என்கிறான். செல்வம் தம்பி சொன்ன மாதிரி கார்டைப் பார்த்தேன். லெப்டோ ஊசி இரண்டு வருடமாக விட்டுப்போயிருக்கிறது. சனிக்கிழமை போட்டோம், மூன்று வாரம் கழித்து இன்னொன்று. தண்ணீர் நான் வந்ததும் குடித்துவிடுகிறான்.

இந்த வாரம் காலண்டரில் நான்கு கோடுதான். அதில் மூன்று கோடு வியாழக்கிழமை விழுந்தவை, அன்றைக்கு அந்தப் பெண்ணுக்குப் பரீட்சை, வர முடியவில்லை. பதில் கடிதத்தைக் கல்யாணி மேடம் சொன்னபடி எழுதி நேற்று செக்ரட்டரியிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிட்டோம். அந்தக் காலண்டர் பக்கத்தின் நகலையும் இணைத்துக்கொள்ளச் சொன்னவர் காக்கூதான். கமிட்டி என்ன சொல்லும் என்று தெரியவில்லை.


ராகவன், மாட்டுங்கா

சந்தோஷம் அம்மா. சனி, ஞாயிறும் நீங்கள் வீட்டில் இருக்கும்போது அதே ஒரு மணிக்கு, அதே நாற்காலி பக்கத்தில் கொடுங்கள். வியாழக்கிழமைக்கு இன்னொரு ஆளையும் இப்போதே பழக்கிவையுங்கள், அந்தப் பெண்ணோடு இரண்டு நாள் சேர்ந்து வந்தால் போதும். கணபதி விழாவுக்கு டோல் மேளப் பயிற்சி கொஞ்ச நாளில் தொடங்கிவிடும். அந்தச் சத்தத்தைப் போனில் மிக மெதுவாக வைத்து, அவன் சாப்பிடும்போது தினமும் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். காதை விறைத்தால் நிறுத்திவிட்டு, மறுநாள் இன்னும் மெதுவாக.