கணினி வாத்தியாருக்கு பி.எட். எதற்கு?

மவுஸ்_பாண்டி:
பி.எஸ்சி. கணினி அறிவியல், அப்புறம் எம்.சி.ஏ. படித்தவன் நான். அந்தக் காலத்து மூன்று வருட எம்.சி.ஏ. சிறுசேரி ஐ.டி. நிறுவனத்தில் பதினொரு வருடம் ஜாவா நிரல்மொழியில் குப்பை கொட்டிவிட்டு இப்போது கோவில்பட்டிப் பக்கம் ஊரோடு வந்துவிட்டேன். அரசு மேல்நிலைப் பள்ளியில் கணினிப் பயிற்றுநர் ஆகலாம் என்று விசாரித்தால், முதுகலைப் பட்டம் மட்டும் போதாது, பி.எட்.டும் வேண்டும் என்கிறார்கள். ஏற்கெனவே கல்லூரியில் ஆறு வருடம், இனி இன்னும் இரண்டு வருடமா? இதே பட்டத்தை வைத்து 2022-இல் கேந்திரிய வித்யாலயாவில் +2 பிள்ளைகளுக்கு எடுக்க வழி இருந்தது. அவர்களுடைய அந்த வருட அறிவிப்பில் மற்ற முதுகலைப் பாடங்களுக்கெல்லாம் பி.எட். கேட்டவர்கள், கணினிக்குக் கேட்கவில்லை. மத்திய அரசுப் பள்ளிக்கு அன்று போதுமாக இருந்த படிப்பு மாநில அரசுப் பள்ளிக்குப் போதாதா?

தேனி_டீச்சர்:
பாண்டி சார், பதினேழு வருடமாக அரசுப் பள்ளியில் கணினி எடுக்கிறேன். ஒரு கேள்வி. i = i + 1 என்று கரும்பலகையில் எழுதியதும் ஒரு பெண் எழுந்து, "மிஸ், இது தப்பு. ரெண்டு பக்கமும் i-யை அடிச்சுட்டா 0 = 1-னு வருது" என்கிறாள். என்ன சொல்வீர்கள்?

மவுஸ்_பாண்டி:
அது சமன்பாடு இல்லை, i-யில் இருக்கும் எண்ணோடு ஒன்றைக் கூட்டி மறுபடி i-யிலேயே வைக்கச் சொல்லும் கட்டளை என்று சொல்வேன். ஒரு வரி விஷயம்தானே மேடம்.

தேனி_டீச்சர்:
நானும் பயிற்சிக் காலத்தில் அந்த ஒரு வரியைத்தான் சொன்னேன். அவள் உட்கார்ந்துவிட்டாள், ஆனால் புரியவில்லை. பத்து வருடமாகக் கணக்குப் பாடத்தில் '=' என்றால் இரண்டு பக்கமும் சமம் என்று படித்த பிள்ளை அவள். டம்ளரில் ஏற்கெனவே இருக்கிற தண்ணீரோடு இன்னொரு கரண்டி ஊற்றிக் காட்டிய பிறகுதான் தலையாட்டினாள். இன்னொன்று, எங்கள் தமிழ்வழிக் கணினிப் புத்தகத்தில், ஒரே பெயரில் பல மதிப்புகளை வரிசையாக வைக்கும் அரேவுக்கு 'அணி' என்று பெயர். அதே +1 கணக்குப் புத்தகத்தில் மேட்ரிக்ஸுக்கும் 'அணி'தான். காலையில் ஓர் அணி, மத்தியானம் ஓர் அணி. பிள்ளைகள் குழம்புவார்கள் என்பது கோட் எழுதத் தெரிந்தவருக்குத் தோன்றாது. தெரிந்ததை இன்னொருவருக்குப் புரியவைப்பது தனி வேலை சார்.

வெட்டி_ஆபீசர்:
டீச்சர், அந்த டம்ளர் வித்தையை உங்களுக்கு பி.எட். கல்லூரியிலா கற்றுக்கொடுத்தார்கள்? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். நான் பி.எட். படித்த லட்சணம் சொல்கிறேன். சேர்ந்த அன்று ஒரு தடவை போனேன், ரெக்கார்டு நோட்டுக்கு ஒரு தடவை, பரீட்சைக்கு ஒரு தடவை. வருகைப் பதிவுக்குத் தனிக் கட்டணம், அதற்கு ரசீது கிடையாது. ரெக்கார்டு நோட்டில் படம் போட்டது என் தங்கை. இந்தக் காகிதம் இல்லாததால் பாண்டி அண்ணன் தகுதியில்லாதவர், இருப்பதால் நான் தகுதியானவன். சிரிப்பு வரவில்லையா?

தேனி_டீச்சர்:
நெஞ்சில் கைவைத்தே சொல்கிறேன், கல்லூரி வகுப்பில் கற்கவில்லை. பயிற்சிக்குப் போன பள்ளியில் பின்வரிசையில் உட்கார்ந்து என் வகுப்பைப் பார்த்த ஒரு கணக்கு வாத்தியார்தான் சொல்லிக்கொடுத்தார். எனக்கு அப்போது ஒரு வருட பி.எட்., நாற்பது நாள்தான் பயிற்சி. 2015-லிருந்து இரண்டு வருடமாக்கி, இரண்டாம் வருடத்தில் பதினாறு வாரம் பள்ளியில் இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். அதை ஒழுங்காகச் செய்தால் அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. நீங்கள் கல்லூரிக்குப் போகாதது உங்கள் தப்பும் அந்தக் கல்லூரியின் தப்பும்தான் தம்பி. அதற்குப் படிப்பைத் திட்டி என்ன பயன்?

விதி_எண்_420:
பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், விதிமுறைதான் என் பொழுதுபோக்கு. 2014-இல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், அதாவது என்.சி.டி.இ., மேல்நிலை வகுப்பு ஆசிரியருக்கு 50 விழுக்காட்டோடு முதுகலை, கூடவே பி.எட். என்று வகுத்தது. தமிழ்நாடு அந்த வழியில் போகிறது. காரணம் பழைய கதையிலும் இருக்கிறது. 1999 வாக்கில் மாநில அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் மூலம் ஒப்பந்தத்தில் கணினிப் பயிற்றுநர்களை எடுத்தார்கள். 2008-இல் அவர்களை நிரந்தரமாக்கச் சிறப்புத் தேர்வு. 50 விழுக்காடு மதிப்பெண் வேண்டும் என்பது வழக்காகி உச்ச நீதிமன்றம் வரை போய், கடைசியில் 652 பேர் வேலை இழந்தார்கள். பி.எட். கணினி முடித்துவிட்டு வெளியே காத்திருந்தவர்கள்தான் அன்று எதிர்த்தரப்பு. கதவைத் திறந்துவைத்து ஆள் எடுத்துவிட்டுப் பிறகு தகுதி பேசினால் இதுதான் நடக்கும். முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுவது மேல்.

மவுஸ்_பாண்டி:
நல்லது, தெளிவாகவே சொல்லுங்கள். ஆனால் எனக்கு எம்.சி.ஏ. எடுத்தவர்களில் யாருக்கும் பி.எட். கிடையாது. பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக எம்.இ. போதும், அங்கே சேர பி.எட். கேட்பதில்லை. பதினேழு வயதுப் பிள்ளைக்குப் பாடம் நடத்த பி.எட். வேண்டும், அதுவே பதினெட்டு வயதானால் வேண்டாமா?

தேனி_டீச்சர்:
அதனால்தானே கல்லூரியில் முதல் வருடம் பாதிப் பேருக்கு ஒன்றும் புரிவதில்லை!

பகுதிநேரம்_2012:
பெரியவர்கள் மன்னிக்கவும். நீங்கள் கதவுக்கு எந்தப் பூட்டு என்று சண்டை போடுகிறீர்கள், உள்ளே அறையே இல்லை. என்னிடம் எம்.எஸ்சி., பி.எட். இரண்டும் இருக்கின்றன. 2012-இல் 16,549 பகுதிநேரப் பயிற்றுநர்களை எடுத்தபோது 5,000 ரூபாய்ச் சம்பளத்தில் சேர்ந்தேன். வாரத்தில் மூன்று அரை நாள். பிறகு 12,500 வரை ஏறியது. இன்னும் அதே பகுதிநேரம்.

ஏன் என்று யோசியுங்கள். ஆறாம் வகுப்பு முதல் பத்து வரை கணினிக்கென்று பட்டதாரி ஆசிரியர் பணியிடமே கிடையாது. அதனால் டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வில் கணினித் தாளும் கிடையாது. 2011-இல் சமச்சீர் கல்விக்காக 6 முதல் 10 வரை கணினிப் புத்தகம் அச்சடித்தார்கள், அது வகுப்பறைக்கு வரவில்லை. மிச்சம் இருப்பது +1, +2 மட்டும். 2019-இல் 814 இடங்களுக்கு ஒரு தேர்வு வந்தது. அதிலும் வேடிக்கை, கணினி ஆசிரியர் தேர்வைக் கணினியில் வைத்து, சில மையங்களில் சர்வர் படுத்துக்கொண்டு, மறுதேர்வு நடத்தினார்கள். 2025-இல் எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து 1,996 இடம். கணினிக்கு விழுந்தது சொற்பம். பாண்டி அண்ணன் இரண்டு வருடம் பி.எட். படித்துவிட்டு வந்து எங்கள் வரிசையில் நிற்கட்டும், இடம் போட்டுவைக்கிறேன்.

வெட்டி_ஆபீசர்:
அரசுப் பள்ளிகளில் வைத்த கணினி ஆய்வகம், அந்த ஹைடெக் லேபை விட்டுவிட்டீர்களே. பள்ளிக்குப் பள்ளி அதைத் திறந்துவிட்டு, பார்த்துக்கொள்ள வெளி நிறுவனம் மூலம் ஆள் போட்டாயிற்று. அங்கே மட்டும் பி.எட். பேச்சையே காணோம்.

எல்லைப்புறத்தான்:
நான் பாலக்காட்டில் இருக்கிறேன். இங்கே உயர்நிலை வகுப்புகளில் ஐ.சி.டி., அதாவது தகவல் தொடர்புத் தொழில்நுட்பம், கட்டாயப் பாடம், எஸ்.எஸ்.எல்.சி.க்கே செய்முறைத் தேர்வு உண்டு. எடுப்பது கணக்கு டீச்சரும் மலையாளம் மாஷும்தான். அவர்களிடம் பி.எட். இருந்தது, கணினியை அரசு பயிற்சி கொடுத்துச் சொல்லிக்கொடுத்தது. என் மகள் ஏழாம் வகுப்பிலேயே லினக்ஸில் படம் வரைந்தாள். அதாவது வாத்தியாருக்குக் கணினி கற்றுக்கொடுத்தார்கள். பாண்டி கேட்பது நேர் எதிர், கணினிக்காரரை வாத்தியாராக்கச் சொல்கிறார். பத்து வரை இது சரி. +2-வில் பைத்தான் நிரல்மொழி, மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் என்று போகும்போது மாஷ் திணறுவார், அங்கே பாண்டி மாதிரி ஆள் தேவைதான்.

தேனி_டீச்சர்:
இதை நான் மறுக்கவில்லை. 2018-இல் பாடத்திட்டம் மாறும்வரை ஸ்டார் ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருளை எடுத்துக்கொண்டிருந்தவள்தான் நான். +2-வுக்கு பைத்தான் வந்தபோது பிள்ளைகளுக்கு ஒரு வாரம் முன்னால் நான் படித்தேன். அன்று பக்கத்தில் பாண்டி சார் இருந்திருந்தால் காபி வாங்கிக் கொடுத்தே கற்றிருப்பேன். ஆனாலும் வகுப்பை அவர் கையில் அப்படியே கொடுத்திருக்க மாட்டேன். நான்கு பிள்ளைக்கு ஒரு கம்ப்யூட்டர், அதில் இரண்டு ஓடாது, நாற்பத்தைந்து நிமிடம். அனுபவச் சான்றிதழ் இங்கே உதவாது.

மவுஸ்_பாண்டி:
கொடுக்க வேண்டாம் மேடம், பக்கத்தில் உட்காரவாவது விடுங்கள். முதலில் வேலையில் சேர்த்து, இரண்டு வருடத்துக்குள் பி.எட். முடி என்று நிபந்தனை போடட்டும். சம்பளம் இல்லாமல் இரண்டு வருடம் கல்லூரிக்குப் போக எனக்கு வீட்டுக் கடன் விடாது. அஞ்சல் வழியிலாவது பி.எட். உண்டா?

விதி_எண்_420:
திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் உண்டு. ஆனால் அதில் சேர, ஏற்கெனவே ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் இருக்க வேண்டும், அல்லது அங்கீகரித்த ஆசிரியப் பயிற்சி ஒன்றை நேரடி வகுப்பில் முடித்திருக்க வேண்டும்.

மவுஸ்_பாண்டி:
அதாவது வாத்தியார் ஆவதற்கான படிப்பில் சேர முதலில் வாத்தியாராக இருக்க வேண்டும். சரி, புரிகிறது. தேனி டீச்சர், சனிக்கிழமை உங்கள் பள்ளியில் ஸ்பெஷல் கிளாஸ் இருந்தால் சொல்லுங்கள். ஓடாத அந்தக் கம்ப்யூட்டர்களையாவது பார்த்துக் கொடுக்கிறேன். அதற்கு பி.எட். வேண்டாமே?

தேனி_டீச்சர்:
வேண்டாம். தலைமையாசிரியரிடம் கேட்டுச் சொல்கிறேன். கம்ப்யூட்டருக்குப் போடும் ராம் (நினைவகம்) இருந்தால் இரண்டு எடுத்து வாருங்கள்.