செல் பிரிவு புரியவே மாட்டேங்குது, அவசர உதவி வேணும்

அல்லி:
நாளைக்குப் பரீட்சை. அக்கா பையன் செல் பிரிவுல ஒரே இடத்துல நிக்கிறான். என்ன சொன்னாலும் “அப்போ பாதியாயிடுமே”ங்கிறான். எப்படி விளக்குறது? சீக்கிரம் சொல்லுங்க.

முகில்:
எத்தனாவது படிக்கிறான்? மைட்டாசிஸா (ஒரே மாதிரி ரெண்டு செல் வர்ற சாதாரணப் பிரிவு), மியாசிஸா (விந்து, முட்டை செல் உருவாக்குற பிரிவு)? எது பாதியாகும்னு கேக்கிறான்?

பழைய வாத்தியார்:
புரோநிலை, மெட்டாநிலை, அனாநிலை, டீலோநிலை. நாலு படத்தையும் திரும்பத் திரும்ப வரையச் சொல்லுங்கள். சென்ட்ரியோல் என்ற செல் நுண்ணுறுப்பை மறக்க வேண்டாம், அதிலிருந்துதான் பிரிவின்போது இழுக்கும் கதிர் இழைகள் வரும்.

தும்பை:
வெங்காய வேர் நுனியை மைக்ரோஸ்கோப்பில் காட்டுங்க. பார்த்தால்தான் பிடிபடும்.

முகில்:
விடிஞ்சா பரீட்சைங்க. மைக்ரோஸ்கோப்புக்கு எங்க போவாங்க?

பரிதி:
இங்கே பலமுறை பேசியாச்சு, தேடிவிட்டுக் கேட்கலாம். பிரிவுக்கு முந்தைய இடைநிலையிலேயே டி.என்.ஏ. இரட்டிப்பாகிவிடும். இந்த அடிப்படைகூடத் தெரியாமல் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க உட்காரக் கூடாது.

அல்லி:
ஒன்பதாவது, மைட்டாசிஸ். மனுஷ செல்லுல இருக்கிற 46 குரோமோசோம் (டி.என்.ஏ. சுருண்டிருக்கிற இழை) ரெண்டா பிரிஞ்சா 23, அடுத்த தடவை பதினொன்றரையான்னு கேக்கிறான்.

யாழினி:
ரொம்ப நல்ல கேள்வி கேட்டிருக்கான், அவனைப் பாராட்டுங்க. பரிதி சொன்ன விஷயம் சரி, அதைக் கையால செஞ்சு காட்டணும். 46 வேண்டாம், 4 போதும். நீளமா 2, குட்டையா 2 நூல் எடுங்க. ஒவ்வொண்ணுக்கும் அதே நீளத்துல இன்னொரு நூலைச் சேர்த்து நடுவுல முடிச்சுப் போடுங்க. முடிச்சுதான் சென்ட்ரோமியர், ரெண்டு நகலும் ஒட்டியிருக்கிற இடம். இப்போ நூல் 8, முடிச்சு 4. குரோமோசோமை முடிச்சு வச்சுத்தான் எண்ணணும், அதனால இன்னும் 4தான். எல்லாத்தையும் நடுவுல வரிசையா வச்சு முடிச்சை அவிழ்த்து, ஜோடியில ஒண்ணு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம் இழுக்கச் சொல்லுங்க. ரெண்டு பக்கமும் 4 வரும். நகல் எடுத்த பிறகுதான் பிரியுதுங்கிறது அவன் கையிலயே தெரியும்.

தும்பை:
வாத்தியாரே, வெங்காயத்துக்கு சென்ட்ரியோலே கிடையாது. ஆனாலும் கதிர் இழை உருவாகி 16 குரோமோசோமும் ஒழுங்காப் பிரியுது.

பழைய வாத்தியார்:
நான் சொன்னது விலங்கு செல்லை.

தும்பை:
அதை முதல்லயே சொல்லணும். கடைசிக் கட்டமும் வேற. விலங்கு செல் வெளியிலிருந்து உள்ளே இறுகிப் பிரியும், தாவர செல்லில் நடுவிலிருந்து தட்டு வளரும்.

பழைய வாத்தியார்:
பரீட்சைக்கு விலங்கு செல் படம்தான் கேட்பார்கள்.

பரிதி:
பரீட்சையை மட்டும் பார்த்துச் சொல்லிக்கொடுத்ததால்தான் பதினொன்றரை வருகிறது.

அல்லி:
நூல் வச்சு செஞ்சோம், புரிஞ்சிடுச்சு! அனாநிலையில ஜோடி பிரிஞ்சதும் பக்கத்துக்கு 46, மொத்தம் 92ன்னு அவனே சொன்னான். நன்றி யாழினி அக்கா. இப்போ மியாசிஸ்ல மட்டும் எப்படி 23ன்னு கேக்கிறான்.

யாழினி:
அங்கே நகல் ஒரு தடவை, பிரிவு ரெண்டு தடவை. அதே நூல் போதும்: முதல் தடவை முடிச்சை அவிழ்க்காம, ஒரே நீள ஜோடிகளைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பிரிக்கச் சொல்லுங்க.