லண்டனில் தனியாக ஒரு நாள், பூங்கா மட்டும்

வேலையாக லண்டன் போகிறேன். சனிக்கிழமை முழுக்க ஓய்வு, நல்ல வெயில் இருக்கும் என்கிறார்கள். மியூசியம் வேண்டாம், நடக்கத் தெம்பு இருக்கிறது. எந்தப் பூங்காவில் தொடங்கலாம்?

பதில் 1:
செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில் தொடங்கி கிரீன் பார்க், ஹைட் பார்க், கென்சிங்டன் கார்டன்ஸ் என்று மேற்கே நடந்துகொண்டே போங்கள், நடுவில் சில சாலைகளைக் கடப்பதைத் தவிர முழுக்க மரமும் புல்லும்தான். முதல் பூங்காவின் ஏரியில் கூழைக்கடாக்கள் உண்டு, 1664-ல் ரஷ்யத் தூதர் அரசருக்குக் கொடுத்த பரிசில் ஆரம்பித்த வழக்கம். நான் பெஞ்சில் சாண்ட்விச்சைப் பிரித்ததும் ஒன்று ஆடி ஆடி வந்து பக்கத்திலேயே நின்றுவிட்டது, அலகுக்குக் கீழே தொங்கும் அந்தப் பையைப் பார்த்துக்கொண்டே பாதிதான் சாப்பிட்டேன் (பயம்தான், வேறென்ன).

பதில் 2:
கோடு போட்ட சாய்வு நாற்காலியைக் கண்டால் உட்கார்ந்துவிடாதீர்கள், அதற்கு வாடகை. தெரியாமல் உட்கார்ந்து அசடு வழிந்தவன் சொல்கிறேன். புல்தரை இலவசம்.

கேட்டவர்:
நன்றி! அப்புறம், ஒரே நாளில் நாலும் முடியுமா?

பதில் 3:
முடியும். ஆனால் ஹைட் பார்க் மட்டுமே 350 ஏக்கர், செர்பன்டைன் ஏரிக்கரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசே வராது. தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.