மே மாதம் நீச்சல்குளத்தை வடித்துவிடலாமா?

குளூஃப் சரிவு:
தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு மேலே, கிரான்ட்ஸ்குளூஃப் காட்டை ஒட்டிய சரிவில் எங்கள் வீடு. இங்கே மே முதல் செப்டம்பர் வரை குளிர், யாரும் நீந்துவதில்லை. ஆகஸ்டு காற்றில் நாளுக்கு இரண்டு வாளி இலை விழுகிறது. ஐந்து மாதமும் பம்பு ஓட்டிக் குளோரின் கொட்டுவது வெட்டிச் செலவு. நீச்சல்குளத்தை மே மாதமே வடித்துவிட்டு, செப்டம்பரில் புதுத் தண்ணீர் விடுவதே சரி என்கிறேன்.

ஹில்கிரெஸ்ட் வாசி:
வேண்டாம் அண்ணா. தண்ணீரின் பாரம்தான் தொட்டியை மண்ணுக்குள் அமுக்கி வைத்திருக்கிறது. காலித் தொட்டியைச் சுற்றி நீர் ஊறினால் அது தொட்டியையே மேலே தூக்கிவிடும். சிமென்ட் பூச்சும் வெயிலில் காய்ந்து வெடிக்கும்.

குளூஃப் சரிவு:
இங்கே மழை பெரும்பாலும் கோடையில்தானே? குளிர்காலத்தில் மண் காய்ந்து கிடக்கும்போது எந்த நீர் தூக்கும்?

ஹில்கிரெஸ்ட் வாசி:
2022 வெள்ளம் ஏப்ரலில் வந்ததை மறந்துவிட்டீர்களா? என் தோட்டச் சுவரிலிருந்து மூன்று வாரம் நீர் கசிந்தது. அப்படி ஓர் ஆண்டில் மே மாதம் வடித்தால் என்ன ஆகும்?

நீங்கள் கவனிக்க வேண்டியது இலையைத்தான். போன ஜூலையில் ஒரு வாரம் வெளியூர் போய்த் திரும்பினேன். தண்ணீர் பால் விடாத தேநீர் நிறத்தில் இருந்தது. இலைக்கூடைக்குள் கைவிட்டால் கறுத்த கூழ், அதனடியில் விறைத்துப்போன தவளை. வலையால் அள்ளி, குழாய் வைத்து அடித்தரையை உறிஞ்சிய பிறகே குளோரின் போட்டேன். முன்னதாகப் போட்டிருந்தால் அத்தனையையும் இலையே தின்றிருக்கும். குளிர்ந்த நீரில் பாசி மெதுவாகத்தான் வளரும். நாளுக்கு இரண்டு மூன்று மணி நேரம் பம்பு ஓடினால் போதும். நீரின் அமில, கார அளவைக் காட்டும் பிஎச் 7.2-க்கும் 7.6-க்கும் இடையில் இருக்கட்டும்.

பைன்டவுன் அம்மா:
இலைக்காகத் தார்ப்பாயை மட்டும் தளர்வாக விரித்துவிடாதீர்கள். அதன் மேல் தேங்கும் மழைநீரே ஒரு குழந்தை மூழ்கப் போதும். வலையை இழுத்துக் கட்டுங்கள். தவளை ஏறி வர ஒரு பலகையும் சாய்த்து வையுங்கள்.

குளூஃப் சரிவு:
வலையைக் குரங்குகள் கிழிக்கின்றன, அக்கா. மறுபடியும் கட்டிப் பார்க்கிறேன். குளோரினுக்கு மிதவையில் வில்லை போட்டுவிட்டு இருந்துவிடலாமா?

ஹில்கிரெஸ்ட் வாசி:
அந்த வில்லைகள் பலவற்றில், வெயிலில் குளோரின் சிதையாமல் காக்கும் சயனூரிக் அமிலமும் இருக்கிறது. குளோரின் செலவாகிவிடும், அமிலம் நீரிலேயே தங்கும். அது மிஞ்சினால் குளோரின் இருந்தும் பாசி பிடிக்கும்.

குளூஃப் சரிவு:
அப்போது தண்ணீரை மாற்றத்தானே வேண்டும்? நான் சொன்னதும் அதுதானே!

ஹில்கிரெஸ்ட் வாசி:
மாற்றுங்கள், கால் பங்காக. ஒரு பங்கு வடித்து, நிரப்பி, சோதித்த பிறகு அடுத்தது. முழுத் தொட்டியையும் ஒரு நாள்கூடக் காலியாக விடாதீர்கள்.