உறைந்தும் காய்ந்தும் சாகாத அண்டார்டிகா நூற்புழு: எப்படி?

செல்வி_விலங்கியல்:
வணக்கம். எம்.எஸ்சி. முதல் வருடம் படிக்கிறேன். செமினாருக்கு அண்டார்டிகா மண் நூற்புழுக்களை எடுத்திருக்கிறேன். ஒரு இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. போன வாரம் எங்கள் வீட்டு ஃப்ரீஸரில் ஒரு வெள்ளரிக்காய் மறந்துபோய்க் கிடந்தது. வெளியே எடுத்து வைத்ததும் கொழகொழத்து, தட்டெல்லாம் தண்ணீர். உள்ளே பனி படிந்து செல்லெல்லாம் கிழிந்துவிட்டது. ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாத, மெல்லிய தோல் கொண்ட புழு மட்டும் எப்படிக் கிழியாமல் இருக்கிறது? "டிரெஹலோஸ் (ஒரு வகைச் சர்க்கரை) காப்பாற்றுகிறது" என்று எல்லா இடத்திலும் ஒரே வரிதான் இருக்கிறது. வறட்சிக்கும் குளிருக்கும் விடை அது ஒன்றேதானா?

புனல்காரர்:
முப்பது வருடம் நூற்புழு ஆய்வகத்தில் இருந்தவன் நான். அந்த ஒரு வரியோடு விட்டுவிடாதேம்மா. சர்க்கரையைவிட முக்கியம், அதைச் சேர்க்கக் கிடைக்கும் நேரம்.

என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். பூஞ்சை தின்னும் அஃபெலெங்கஸ் அவனே என்ற புழுவை இரண்டு பங்காகப் பிரித்தேன். ஒரு பங்கை ஃபில்டர் பேப்பரில் பரப்பி அப்படியே மின்விசிறிக் காற்றில் காயவிட்டேன். இன்னொரு பங்கை மூடிய டப்பாவுக்குள், அடியில் பொட்டாசியம் சல்பேட் கரைசல் ஊற்றி வைத்தேன். அந்தக் கரைசல் உள்ளே ஈரப்பதத்தை 97 சதவீதத்தில் பிடித்து வைக்கும். மூன்று நாள் கழித்துத்தான் முழுக்கக் காயவிட்டேன். பிறகு இரண்டிலும் தண்ணீர் சொட்டினேன். காற்றில் காய்ந்தவை ஊறி வெளிறிக் கிடந்தன, ஒன்றும் அசையவில்லை. டப்பாவில் இருந்தவை கடிகாரச் சுருள் மாதிரி சுருண்டிருந்தன. ஒரு மணி நேரம் கழித்து ஒன்றன் வால் மட்டும் லேசாக விரிந்தது. பிறகு தலை அசைந்தது. சாயங்காலத்துக்குள் டிஷ் முழுக்க நெளிவு. அன்று நான் வீட்டுக்குப் போகவே நேரமாகிவிட்டது.

அந்த மூன்று நாளில்தான் புழு தன்னிடம் உள்ள கொழுப்பையும், சேமித்து வைத்த மாவுச்சத்தான கிளைக்கோஜனையும் டிரெஹலோஸாகவும் கிளிசராலாகவும் மாற்றிக்கொள்கிறது. செல் சவ்வை ஒட்டியிருந்த தண்ணீர் போன இடத்தில் டிரெஹலோஸ் உட்காருகிறது. முழுக்கக் காய்ந்ததும் கண்ணாடி போல இறுகிவிடுகிறது. புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் தடுக்க எல்.இ.ஏ. என்ற புரத வகையும் உண்டு. முதலில் அது விதைகளில்தான் தெரியவந்தது. 2002-இல் இதே அஃபெலெங்கஸில் கண்டுபிடித்தார்கள். சுருளுவதும் வீண் வேலை இல்லை. வெளியே தெரியும் தோல் பரப்பு குறைகிறது, அதனால் காய்வதும் மெதுவாகிறது.

அண்டார்டிகாவின் மெக்மர்டோ உலர் பள்ளத்தாக்குகளில் மண் உப்பும் சரளையுமாக இருக்கும். ஆண்டுச் சராசரி வெப்பம் இடத்துக்கு இடம் -15 முதல் -30 டிகிரி வரை. விழும் பனியில் பெரும்பகுதி உருகாமலே ஆவியாகிவிடும். அந்த மண்ணில் ஆதிக்கம் செலுத்துவது ஸ்காட்னெமா லிண்ட்சேயே என்ற நூற்புழு. ஆய்வகத்தில் 10 டிகிரியில் வளர்த்தபோதே அதன் வாழ்க்கைச் சுழற்சிக்குச் சுமார் 218 நாள் ஆனது. அங்கே மண் இளகியிருப்பதோ வருடத்தில் சில வாரங்கள்தான். அப்படியென்றால் ஒரு தலைமுறை முடியவே பல கோடைகள் வேண்டும். நடுவில் எத்தனை முறை சுருண்டு எழுந்திருக்கும் என்று யோசித்துப் பார்.

செல்வி_விலங்கியல்:
மிக்க நன்றி ஐயா. வறட்சி புரிந்துவிட்டது. ஆனால் மண் ஈரமாக இருக்கும்போதே திடீரென்று உறைந்தால்? அப்போது சுருள நேரம் ஏது?

புனல்காரர்:
அதற்கு நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் டேவிட் வார்ட்டன் செய்த வேலையைப் படி. அவர் எடுத்துக்கொண்டது அண்டார்டிகாவின் பனகிரோலைமஸ் என்ற நூற்புழு. அதற்கு இரண்டு வழி இருக்கிறது.

-1 டிகிரியை ஒட்டிச் சுற்றியுள்ள தண்ணீர் மெதுவாக உறைந்தால், புழுவின் உடல்நீர் இன்னும் திரவமாகவே இருக்கும். அந்த நீரின் ஆவி அழுத்தம் வெளியே உள்ள பனியைவிடக் கூடுதல். அதனால் நீர் தோல் வழியே வெளியேறிப் பனியோடு சேர்ந்துவிடும். உள்ளே மிச்சமிருப்பது கெட்டியாகிக்கொண்டே போகும், உறைய வாய்ப்பில்லை. குளிரே புழுவைக் காயவைக்கிறது. வறட்சியும் குளிரும் அந்த இடத்தில் ஒன்றுதான்.

சட்டென்று உறைந்தால் பனி உடலுக்குள் புகுந்து செல்லுக்குள்ளேயே படியும், உன் வெள்ளரிக்காயில் நடந்த மாதிரி. ஆனாலும் இந்தப் புழு பிழைக்கிறது! 1995-இல் வார்ட்டன் குழு இதை வெளியிட்டபோது நம்ப முடியாமல் திரும்பத் திரும்பப் படித்தேன். சிறு பனித்துகள்கள் ஒன்றுசேர்ந்து பெரிய படிகமாக வளர்வதைத் தடுக்கும் புரதம் அதனிடம் இருக்கிறது.

கோதுமை_வயல்:
சைபீரியாவில் 46,000 வருடம் கழித்து எழுந்த புழுவும் இதே இனம்தானே?

புனல்காரர்:
பேரினம் ஒன்று, இனம் வேறு. அது பனகிரோலைமஸ் கோலிமாயென்சிஸ், 2023-இல் பெயரிட்டார்கள். அந்த வயது புழுவை அளந்து வந்ததில்லை. உறைமண்ணுக்குள் இருந்த பழைய வளையில் கிடைத்த தாவரப் பொருளின் வயது அது. செமினாரில் இதைத் தெளிவாகச் சொல்லும்மா. எனக்குப் பிடித்த சேதி வேறு: அந்தப் புழுவை முதலில் லேசாகக் காயவைத்துவிட்டு -80 டிகிரியில் வைத்தால் நன்றாகவே தாங்கியது. காயப் பழகியது உறையவும் பழகிக்கொள்கிறது.

செல்வி_விலங்கியல்:
கடைசியாக ஒன்று ஐயா. வயல் மண்ணில் எத்தனை புழு சுருண்டிருந்தது என்று எப்படி எண்ணுகிறார்கள்? பிரித்தெடுக்கத் தண்ணீர் ஊற்றினாலே விழித்துவிடுமே?

புனல்காரர்:
இந்தக் கேள்வி உனக்குத் தோன்றியதே பெரிய சந்தோஷம். மண்ணைத் தண்ணீரில் ஊறவைத்துப் புழுவைப் பிரிக்க நாங்கள் வழக்கமாக வைக்கும் பேர்மன் புனலில் எழுந்து நீந்தி வருபவை மட்டுமே கீழே இறங்கும். எது சுருண்டிருந்தது, எது விழித்திருந்தது என்ற கணக்கே அழிந்துபோகும். மண் உயிரியலாளர் டயானா வால் அண்டார்டிகா போவதற்கு முன்பே பாலைவன மண்ணில் இந்தச் சிக்கலைச் சந்தித்தவர். 1977-இல் அவரும் கூட்டாளிகளும் சொன்ன வழி, தண்ணீருக்குப் பதில் 1.25 மோலார் சர்க்கரைக் கரைசல். அவ்வளவு அடர்த்தியான கரைசலிலிருந்து புழு தண்ணீரை உறிஞ்ச முடியாது, சுருண்டது சுருண்டபடியே சல்லடையில் வந்து நிற்கும். ஆனால் சீக்கிரம் எண்ணிவிட வேண்டும். கரைசலைத் தயாராக வைத்துக்கொண்டு, அதற்கப்புறம் மண்ணைக் கிண்ணத்தில் போடு.