ஆறு ஆட்டங்கள் ஆடியவருக்கு ஹைஸ்மன் விருது: சரியா, தவறா?

நெய்தல்:
1943ஆம் ஆண்டின் ஹைஸ்மன் விருதை ஆஞ்சலோ பெர்டெல்லிக்கு வழங்கியது தவறு என்றே கருதுகிறேன். பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு சொல்: இது நம் கால்பந்து அல்ல, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் கால்பந்து. அந்நாட்டுக் கல்லூரி ஆட்டக்காரர்களில் ஆண்டுக்கு ஒருவருக்கே ஹைஸ்மன் கிடைக்கும். பெர்டெல்லியின் நோட்டர் டேம் பல்கலைக்கழக அணி அந்தப் பருவத்தில் பத்து ஆட்டங்கள் ஆடியது. பெர்டெல்லி ஆடியவை ஆறு. அக்டோபர் இறுதியில் கடற்படைக் கல்லூரியை 33-6 என வென்ற கையோடு, இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவின் மரைன் படை அவரை அழைத்துக்கொண்டது. அதே அணியின் கிரெய்ட்டன் மில்லர், உயர் இரத்த அழுத்தத்தால் ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டவர், பந்தோடு 911 கெஜம் ஓடி அந்த ஆண்டு நாட்டிலேயே முதலிடம் பெற்றார். வாக்கெடுப்பில் அவருக்கு நான்காம் இடம்தான் கிடைத்தது. பருவம் முழுவதையும் அளக்க வேண்டிய விருது அனுதாபத்தை அளந்துவிட்டது.

பனந்தோப்பு:
அனுதாபம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை, நண்பரே. அந்த ஆறு ஆட்டங்களிலும் நோட்டர் டேம் எடுத்த புள்ளிகள் 261. எதிரணிகள் அனைத்தும் சேர்ந்து எடுத்தவை 31. பெர்டெல்லி எறிந்த 36 பந்துகளில் 25 தம் அணியினர் கைக்கே போய்ச் சேர்ந்தன, அவற்றில் பத்து, எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி தரும் டச்டவுன்களாயின. இதற்குப் பின்னால் இருந்த உழைப்பைப் பாருங்கள். 1941இல் அவர் சற்றுத் தள்ளி நின்று பந்தை வாங்கி எறிபவர்; அப்போதே ஹைஸ்மன் வாக்கெடுப்பில் இரண்டாம் இடம் பெற்றவர். மறு ஆண்டு பயிற்சியாளர் ஃபிராங்க் லேஹி ஆட்ட அமைப்பையே மாற்றி, ஆங்கில எழுத்து 'டி' வடிவில் ஆட்களை நிறுத்தினார். நடுவில் குனிந்திருப்பவரின் பின்னாலேயே ஒட்டி நின்று, கைக்குக் கையாகப் பந்தை வாங்கி, எதிரணிக்கு முதுகைக் காட்டியபடி திரும்பி, ஓடுபவரிடம் கொடுப்பதா, கொடுப்பதுபோல் காட்டிவிட்டு எறிவதா என்று அந்த ஒரு கணத்தில் முடிவெடுக்க வேண்டும். வேகமாக ஓடத் தெரியாத ஒருவர் அந்தக் கலையை இரண்டே பருவங்களில் கற்றுத் தேர்ந்தார். மில்லர் ஓடிய கெஜங்களில் ஒரு பங்கு, அந்தக் கைகள் எதிரணியை ஏமாற்றியதால் கிடைத்தது.

நெய்தல்:
எதிரணிகள் எந்த நிலையில் இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும் அல்லவா? கடற்படை தன் வி-12 பயிற்சித் திட்டத்தில் சேர்ந்த மாணவர்களை ஆட அனுமதித்தது. தரைப்படை தன் பயிற்சி மாணவர்களுக்கு அந்த அனுமதியைத் தரவில்லை. ஆகவே, எந்தக் கல்லூரியில் எந்தப் படை பயிற்சி நடத்தியது என்பதே அணியின் தலையெழுத்தைத் தீர்மானித்தது. அலபாமா, டென்னசி போன்ற பெரிய பல்கலைக்கழகங்கள் அந்த ஆண்டு அணியையே களமிறக்கவில்லை. விஸ்கான்சினின் நட்சத்திரம் எல்ராய் ஹிர்ஷை அதே வி-12 திட்டம் மிச்சிகனுக்கு அனுப்பிவிட்டது. அப்படி வெறுமையாகிப்போன விஸ்கான்சினை 50-0 என வீழ்த்தியதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

பனந்தோப்பு:
விஸ்கான்சினைத் தாராளமாக விட்டுவிடுங்கள். ஹிர்ஷும் மினசோட்டாவிலிருந்து வந்த பில் டேலியும் சேர்ந்து பலப்படுத்திய அதே மிச்சிகன், அந்தப் பருவத்தில் தோற்றது ஒரே ஒரு ஆட்டம். 35-12 என்ற கணக்கில், சொந்த ஊரில், பெர்டெல்லி தலைமை தாங்கிய நோட்டர் டேமிடம்.

மேட்டுத்தெரு:
மிச்சிகன் ஆட்டத்தை வைத்துப் பார்த்தால் பனந்தோப்பு சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இருவரும் ஜானி லூஜாக்கை மறந்துவிட்டீர்கள். பெர்டெல்லி போன மறுவாரமே, பதினெட்டு வயதில் அவர் இடத்துக்கு வந்து, யாங்கி மைதானத்தில் ராணுவக் கல்லூரியை 26-0 என வென்றவர் அவர். அவரையும் போர் விடவில்லை. 1944, 45 இரண்டு ஆண்டுகளும் கடற்படையில் கழிந்தன. ஆனால் வயதும் ஆடும் தகுதியும் மிச்சமிருந்ததால் 1946இல் கல்லூரிக்கே திரும்பி, 1947இல் ஹைஸ்மன் பெற்றார். பெர்டெல்லிக்கோ அது கடைசிப் பருவம். திரும்பி வர அவருக்குக் கல்லூரி ஆட்டம் இல்லை. ஜப்பானின் இவோ ஜிமா தீவில் போரிட்டுத் திரும்பியவர், 1946 முதல் 1948 வரை தொழில்முறை அணிகளில் ஆடிப் பார்த்தார். முழங்கால் காயங்கள் அதையும் முடித்துவைத்தன. விருது சரியா என்பதைவிட, 1944இல் தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தபோது பாஸ்டன் அணி முதல் ஆளாக எடுத்த ஒருவரின் 22, 23, 24 வயதுகள் எங்கே போயின என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

நெய்தல்:
மிச்சிகன் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். அந்த வெற்றியைக் குறைத்து மதிப்பிட முடியாது. மேட்டுத்தெரு சொன்ன இழப்பும் உண்மையே. எனினும் இழந்த ஆண்டுகளுக்கு ஈடாக விருது தரப்படுமானால், மில்லருக்குரியதை எடுத்துத் தந்ததாகவே அது ஆகும். அந்த அணியின் சிறந்த ஆட்டக்காரர் மில்லர் என்ற என் எண்ணம் மாறவில்லை.

பனந்தோப்பு:
மாற வேண்டாம். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பருவத்தின் கடைசி ஆட்டத்தில், கிரேட் லேக்ஸ் கடற்படைப் பயிற்சி நிலையத்தின் அணி இறுதி நிமிடத்தில் டச்டவுன் எடுத்து நோட்டர் டேமை 19-14 எனத் தோற்கடித்தது. மரைன் படையின் பேரிஸ் ஐலண்ட் பயிற்சி முகாமில் வானொலியருகே பெர்டெல்லி அதைக் கேட்டு மனமுடைந்திருந்த வேளையில்தான், அவருக்கு விருது என்ற தந்தி அவர் கைக்கு வந்தது.